டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரேங்க் தவறாக இருந்தால் திருத்துவது எப்படி?

போன ஆண்டு தை மாதத்தில் உசிலம்பட்டிக்கு மேற்கே உள்ள ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா தம் மகனுடன் என்னைப் பார்க்க வந்திருந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு பாலிதீன் உறையையும், அதற்குள்ளிருந்து பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு புத்தகத்தையும் எடுத்து என் முன் வைத்தார். அது அவருடைய கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், அதாவது படையிலிருந்து விடுவிக்கும்போது கையில் தரும் சேவை விவரப் புத்தகம். கணவர் ராணுவத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். ஊரில் கடைசிவரை அவரை 'அவில்தார்' என்றே அழைத்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளிலும் பெயருக்கு முன்னால் அப்படித்தான் அச்சிட்டார்கள். புத்தகத்திலோ ரேங்க் என்ற வரிக்கு எதிரே, ஹவில்தாருக்கு ஒரு படி கீழான நாயக் என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. ஓய்வூதிய ஆணையிலும் அதே நாயக். அவர் இறந்த பிறகு அம்மாவுக்கு வந்த குடும்ப ஓய்வூதியமும் நாயக் கணக்கில்தான் வந்துகொண்டிருந்தது. "எங்க வீட்டுக்காரர் எங்கிட்டப் பொய் சொல்லியிருப்பாரா தம்பி?" என்று அவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தராக 24 ஆண்டுகள் இருந்தவன் நான். ரேங்க் எங்கே எழுதப்படுகிறது, எங்கே விட்டுப்போகிறது என்பது எனக்குத் தெரியும். உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம் வட்டாரங்களில் வீட்டுக்கொருவர் படைக்குப் போன தெருக்கள் பல உண்டு. அந்த வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் இப்படிப்பட்ட பிழையோடு புத்தகங்கள் கிடக்கின்றன. பிழை இருப்பது தெரிந்தும் 'இனி என்ன செய்ய முடியும்' என்று விட்டுவிட்டவர்களுக்காகவும், தெரிந்து அலைந்து தவறான வாசலில் நின்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பிழையின் விலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே ரேங்க், ஒரே ஓய்வூதியம் திட்டம் 2014 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்து, பின்னர் 2019, 2024 ஜூலை 1-ஆம் தேதிகளைக் கணக்காகக் கொண்டு திருத்தப்பட்டது. அந்த அட்டவணைகளில் ஒருவருடைய தொகையைத் தீர்மானிப்பவை அவருடைய ரேங்க், ஊதியப் பிரிவு, தகுதியான சேவைக்காலம் ஆகியவை மட்டுமே. எனவே ஒரு படி குறைவாகப் பதிந்த ரேங்க், ஒவ்வொரு திருத்தத்திலும் அந்தக் குறைவைக் கூடவே இழுத்துக்கொண்டு வரும். பணிக்கொடையும், ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெறும் கம்யூட்டேஷன் தொகையும் குறைந்திருக்கும். நாளைக்கு மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும் குறையும். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் ஹவில்தார் வரையிலானவர்களுக்குப் பொது வார்டு, நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை அரைத் தனி வார்டு என்ற பாகுபாடும் ரேங்கை வைத்தே அமைகிறது.

ரேங்க் எங்கே பிறக்கிறது

பெரும்பாலோர் செய்யும் தவறு, புத்தகத்தில் உள்ள பிழையைப் புத்தகத்தின் பிழையாக மட்டும் நினைப்பது. டிஸ்சார்ஜ் புத்தகம் ஒரு நகல். மூலம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வீரருக்குப் பதவி உயர்வு கிடைத்தால், அவருடைய யூனிட் அதைப் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் உத்தரவாக வெளியிடும். அந்த உத்தரவு அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கும், அதாவது நாம் ரெக்கார்டு ஆபீஸ் என்று சொல்லும் இடத்துக்கும், சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கும் போகும். ஆவண அலுவலகத்தில் அது வீரரின் ஷீட் ரோல் என்னும் சேவைப் பதிவேட்டில் பதியப்படும். ஓய்வுக்காலம் வரும்போது ஷீட் ரோலைப் பார்த்தே டிஸ்சார்ஜ் புத்தகம் நிரப்பப்படுகிறது; கடைசிச் சம்பளச் சான்றும் விவரத்தாளும் தயாராகி, பிரயாக்ராஜில் உள்ள ராணுவ ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்குப் போய், பி.பி.ஓ. என்னும் ஓய்வூதிய ஆணையாகத் திரும்பி வருகிறது. இன்று ஸ்பர்ஷ் என்னும் படைத்துறை ஓய்வூதிய இணையதளத்தில் தெரியும் ரேங்கும் அந்த ஆணையிலிருந்து வந்ததுதான்.

யூனிட் இடம் மாறும் நேரத்திலோ, வீரர் ஒரு யூனிட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகும் நேரத்திலோ, உயர்வு கிடைத்த சில மாதங்களில் ஓய்வு பெறும் நேரத்திலோ பார்ட் டூ ஆர்டர் வெளியாகியும் ஷீட் ரோலில் ஏறாமல் போவதுண்டு. சில வேளைகளில் ஆர்டரே வெளியாகாமல் போயிருக்கும். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆனால் இரண்டுக்குமே போக வேண்டிய இடம் ஆவண அலுவலகம்தான். அதை விட்டுவிட்டு வங்கியிலும், ஸ்பர்ஷ் குறைதீர்ப்புப் பக்கத்திலும், திங்கள்கிழமை கலெக்டர் மனுநாளிலும் மாறி மாறி எழுதிக்கொடுப்பது, வேர் காய்ந்து கிடக்க இலையில் தண்ணீர் தெளிப்பது போன்றது. வங்கிக்கோ கலெக்டருக்கோ ஒருவருடைய ராணுவ ரேங்கை மாற்றும் அதிகாரம் கிடையாது. ஸ்பர்ஷும் ஆவண அலுவலகம் உறுதிசெய்யாமல் அதை மாற்றாது.

பிழைபோலத் தோன்றும், ஆனால் பிழையல்லாதவை

விண்ணப்பம் எழுத உட்காரும் முன் இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். என்னிடம் வந்த புத்தகங்களில் கணிசமானவற்றில் இருந்தது எழுத்துப் பிழை அல்ல, விதியை அறியாத குழப்பம்.

முதலாவது, பத்து மாதக் கணக்கு. 2006 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்ற சிப்பாய்கள், நாயக்குகள், ஹவில்தார்கள், ஜே.சி.ஓ.க்கள் (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்கள்) ஆகியோருக்கு, கடைசிப் பத்து மாதங்கள் தொடர்ந்து வகித்த ரேங்கின் அடிப்படையில்தான் ஓய்வூதியம் கணக்கிடப்பட்டது. ஆறு மாதம் மட்டும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஹவில்தார் என்றும் பி.பி.ஓ.வில் நாயக் கணக்கும் இருந்தால், அது யாருடைய கவனக்குறைவும் அல்ல, அன்றைய விதி. ஆகவே புத்தகத்தையும் பி.பி.ஓ.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உயர்வு பெற்ற தேதியிலிருந்து ஓய்வு பெற்ற தேதி வரை எத்தனை மாதம் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, எம்.ஏ.சி.பி. என்னும் ஊதிய உயர்வு. 8, 16, 24 ஆண்டுகள் சேவை முடித்தவருக்குப் பதவி உயர்வு கிடைக்காமல் இருந்தால், அடுத்த படிக்குரிய ஊதியம் தரப்படுகிறது. சம்பளமும் ஓய்வூதியமும் உயரும்; கையில் உள்ள பட்டை உயராது. எம்.ஏ.சி.பி. மூலம் நாயப் சுபேதார் ஊதியம் பெற்ற ஹவில்தார், ஆவணத்தில் ஹவில்தாராகவே இருப்பார். ரேங்கை மாற்றக் கேட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். அந்த ஊதியம் பி.பி.ஓ.வில் ஏறவில்லை என்றால் அது வேறு குறை. அதை அந்தப் பெயரிலேயே கேட்க வேண்டும்.

மூன்றாவது, கௌரவ ரேங்க். குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் அறிவிக்கப்படும் கௌரவ நாயப் சுபேதார், கௌரவ லெப்டினன்ட், கௌரவ கேப்டன் போன்ற ரேங்குகள் பலருக்கு வீட்டுக்கு வந்த பிறகே கிடைக்கின்றன. புத்தகம் அதற்கு முன்பே கையில் தரப்பட்டுவிட்டதால் அதில் பழைய ரேங்க் இருக்கிறது. இதைப் பிழை என்று எழுதாமல், 'பிற்பாடு வழங்கப்பட்ட கௌரவ ரேங்கைப் பதிவு செய்யக் கோருதல்' என்று அறிவிப்பின் நகலோடு எழுதினால் வேலை எளிதாக முடியும். கௌரவ நாயப் சுபேதார்களுக்கு இதில் பணமும் உண்டு. 2006 ஜனவரி 1-க்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு நாயப் சுபேதார் ஓய்வூதியம் உண்டு என்று 2009-இல் ஆணை வந்தது. அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் அதே பயன் உண்டு என்று ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சண்டிகர் அமர்வு 2010-இல் தீர்ப்பளித்தது.

நான்காவது, டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புக் காவல் படையில் மறுபடி சேர்ந்தவர்கள். முதல் சேவையில் ஹவில்தாராக இருந்தவர் அங்கே சிப்பாயாகச் சேர்ந்திருப்பார். இரண்டு சேவைக்கும் இரண்டு புத்தகங்கள், இரண்டிலும் வெவ்வேறு ரேங்க் இருப்பது முறைதான். இரண்டாவது புத்தகத்தைக் காட்டி முதல் சேவையின் ரேங்கைக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, தண்டனையாலோ தாமே கேட்டுக்கொண்டோ ரேங்க் குறைக்கப்பட்டவர்கள். அதுவும் எழுத்துப் பிழை அல்ல. அந்த உத்தரவு தவறென்று நினைத்தால் அதை எதிர்த்து முறையிடும் வழி வேறு. 'எனக்கு இளையவருக்குக் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை' என்பதும் அப்படியே. வழங்கப்பட்ட ரேங்க் எழுதப்படாமல் போனது ஒன்று, வழங்கியிருக்க வேண்டிய ரேங்க் வழங்கப்படாமல் போனது இன்னொன்று. முன்னதைப் பல ஆண்டுகள் கழித்தும் கேட்கலாம். பின்னது காலம் கடந்தால் பெரும்பாலும் எடுபடாது. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் முதல் வகையில் நிற்க வேண்டும்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்

சத்தியப் பிரமாணப் பத்திரத்தோடு வருகிறவர்கள் உண்டு. 'நான் ஹவில்தாராக இருந்தேன்' என்று நோட்டரி முன் எத்தனை முறை கையெழுத்திட்டாலும் அது ரேங்குக்குச் சான்றாகாது. பெயர், பிறந்த தேதி வேறுபாடுகளுக்கு அது உதவலாம். ரேங்குக்குச் சான்று, அந்தக் காலத்தில் அலுவலக வழியில் பிறந்த தாள்தான்.

அவற்றில் முதலிடம் பார்ட் டூ ஆர்டரின் நகலுக்கு. எண், ஆண்டு, வெளியிட்ட யூனிட் மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அது இல்லாவிட்டால் சம்பளக் கணக்குத் தாள்கள். சம்பளக் கணக்கு அலுவலகமும் தனியாக ரேங்கைப் பதிந்து வைத்திருப்பதால், கடைசி ஓராண்டுச் சம்பளத் தாளில் ஹவில்தார் ஊதியம் ஏறியிருந்தால் அதை மறுப்பது கடினம். பதவி உயர்வுத் தேர்வு முடிவு, ஹவில்தார் என்று குறிப்பிட்ட பயிற்சிச் சான்றிதழ், பதக்கச் சான்று, விடுப்புச் சான்று, இடம் மாறிப் போக யூனிட் தரும் மூவ்மென்ட் ஆர்டர் ஆகியவை துணைச் சான்றுகள். ஜே.சி.ஓ.வாக உயர்ந்தவர்களுக்கு இன்னொரு தெளிவான அடையாளம் இருக்கிறது: முறையான நாயப் சுபேதார் ஆனவுடன் பழைய எண் போய், ஜே.சி. என்று தொடங்கும் புதிய எண் வரும். கையில் ஜே.சி. எண் உள்ள தாள் ஒன்று இருந்து, புத்தகத்தில் பழைய எண் மட்டும் இருந்தால், அந்த ஒரு தாளை முதல் இணைப்பாக வையுங்கள்.

அந்த அம்மாவின் பையில் பார்ட் டூ ஆர்டர் இல்லை. ஆனால் பிள்ளைகளின் பழைய மதிப்பெண் பட்டியல்களுக்கு நடுவே, ஓரம் பழுத்துப்போன நான்கு சம்பளத் தாள்கள் இருந்தன. நான்கிலும் ஹவில்தார். முதலாவதற்கும் ஓய்வு தேதிக்கும் இடையே பதினெட்டு மாதங்கள். பத்து மாதக் கணக்கையும் தாண்டிவிட்டது. அந்த நிமிடத்தில்தான் அவர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது.

கையில் எதுவுமே இல்லாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ராணுவ ஆவண அலுவலகங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவை. கட்டணம் 10 ரூபாய். அஞ்சல் ஆணையாகவோ மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்திலோ செலுத்தலாம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 'என் ரேங்க் ஏன் தவறாக இருக்கிறது?' என்று கேட்காதீர்கள்; ஏன் என்ற கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் பெறுவது கடினம். 'என் ஷீட் ரோலில் பதவி உயர்வுகள் பதியப்பட்ட பக்கங்களின் நகல்', 'இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என் பெயரில் வெளியான பதவி உயர்வு பார்ட் டூ ஆர்டர்களின் நகல்' என்று தாளைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. கணவருக்காக மனைவி கேட்கும்போது பி.பி.ஓ. நகலையும் இறப்புச் சான்றையும் இணைத்துவிட்டால், 'மூன்றாம் நபர் தகவல்' என்று திருப்பி அனுப்ப இடமிருக்காது.

ஒரு எச்சரிக்கை. ஓய்வூதியம் இல்லாமல் குறுகிய சேவையில் வந்தவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்படுவது ராணுவ விதி. அவர்களுக்கு நீள்பதிவேடு எனப்படும் லாங் ரோல் மட்டுமே மிஞ்சும். அப்படிப்பட்டவர்கள் ஷீட் ரோலோடு லாங் ரோல் பதிவின் நகலையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விண்ணப்பமும் அது போகும் முகவரியும்

எந்தப் படைப்பிரிவோ அந்தப் பிரிவின் ஆவண அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். நம் பக்கத்தில் அதிகம் பேர் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கும் ராணுவப் போலீசுக்கும் பெங்களூரு, இ.எம்.இ., ஆர்டினன்ஸ் இரண்டுக்கும் செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், மருத்துவப் படைக்கு லக்னோ, டி.எஸ்.சி.க்குக் கண்ணூர். கடற்படையினருக்கு மும்பை மான்கூர்டில் உள்ள மாலுமிகள் பணியகம், விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஆவண அலுவலகம். கடற்படையில் பார்ட் டூ ஆர்டருக்குப் பதில் ஜென்ஃபார்ம், விமானப்படையில் பி.ஓ.ஆர். என்று பெயர், மற்றபடி வழி ஒன்றுதான்.

கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். ஆனால் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, பிறகு மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். எழுதித் தருகிறவர் தம் விருப்பப்படி கண்ணீர்க் கதை சேர்ப்பதை அது தடுக்கும். ஒரு பக்கம் போதும். நான் எழுதித் தரும் அமைப்பு இது:

"பொருள்: டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் ஓய்வூதிய ஆணையிலும் ரேங்க் திருத்தம் கோருதல். எண், பெயர், யூனிட், சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, பி.பி.ஓ. எண்.

ஐயா, நான் இன்ன நாளில் ஹவில்தாராகப் பதவி உயர்வு பெற்று, இன்ன நாளில் அதே ரேங்கில் ஓய்வு பெற்றேன். அந்த உயர்வு இன்ன யூனிட்டின் இன்ன எண்ணிட்ட பார்ட் டூ ஆர்டரில் வெளியானது. ஆனால் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தின் இன்ன பக்கத்தில் ரேங்க் நாயக் என்று பதியப்பட்டுள்ளது. ஓய்வூதிய ஆணையும் அவ்வாறே வழங்கப்பட்டுள்ளது. எனவே ஷீட் ரோலைச் சரிபார்த்து, தேவையெனில் விடுபட்ட பதிவைச் சேர்த்து, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் திருத்தம் செய்து தருமாறும், திருத்திய ஓய்வூதிய ஆணைக்கான கோரிக்கையை ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். கோரிக்கையை ஏற்க இயலாவிட்டால், அதற்கான காரணத்தையும் விதியையும் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கவும். இணைப்பு: ..."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு எழுத்தில் வரும் பதில்தான் அடுத்த படிக்கு ஏணி. அதேபோல் புத்தகத்தைத் திருத்துவது, திருத்திய பி.பி.ஓ.வுக்கு எழுதுவது என்ற இரண்டு கோரிக்கைகளையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். புத்தகத்தை மட்டும் திருத்தி வாங்கி வந்து, ஓய்வூதியத்துக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மூலப் புத்தகத்தை முதல் கடிதத்தோடு அனுப்ப வேண்டாம். எல்லாப் பக்கங்களையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, வண்ண நகல் எடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்புங்கள். ஆவண அலுவலகம் மூலத்தை எழுத்தில் கேட்டால் மட்டும் அனுப்புங்கள். அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். புத்தகத்தில் நீங்களே ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. மேல் எழுதினாலோ வெள்ளை மை தடவினாலோ, உண்மையான உரிமை உள்ளவரும் ஆவணத்தைத் திருத்தியவராகிவிடுவார்.

மதுரை கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள், முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகத்தையே நாடுங்கள். அங்கே ரேங்கை மாற்ற மாட்டார்கள். ஆனால் உங்கள் விண்ணப்பத்தை முகப்புக் கடிதத்தோடு ஆவண அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அந்த முகப்புக் கடிதத்துக்கு ஒரு எண் இருக்கும், அந்த எண்ணை வைத்து நினைவூட்ட முடியும். இதற்குக் கட்டணம் கிடையாது. அலுவலகம் வழியாக ஒன்றும், ஸ்காட் ரோடு தலைமை அஞ்சலகத்திலிருந்து ஸ்பீடு போஸ்டில் நேரடியாக ஒன்றும் அனுப்புவது என் வழக்கம். ஸ்பீடு போஸ்ட் ரசீது வெப்பத்தில் அச்சாகும் தாள். ஓராண்டில் எழுத்து மறைந்துவிடும். வாங்கிய அன்றே நகல் எடுத்து, விண்ணப்ப நகலின் முதுகில் ஒட்டிவிடுங்கள்.

வெலிங்டனுக்கு நேரில் போய் வரலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறி, மேட்டுப்பாளையம், குன்னூர் வழியாகப் போய்விடலாம்தான். ஆனால் எழுத்து மனு அங்கே போய்ச் சேர்ந்து எண் விழுந்த பிறகு போங்கள். அதற்கு முன் போனால் 'எழுதி அனுப்புங்கள்' என்ற பதிலோடு மலையிறங்க வேண்டியிருக்கும். அடையாள அட்டை, பி.பி.ஓ., மனுவின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.

நிலுவையில் பங்கு கேட்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையோ, போனுக்கு வரும் ஓ.டி.பி.யையோ யாருக்கும் கொடுக்கக் கூடாது. பொது சேவை மையத்துக்குப் போனாலும் மகனோ மகளோ உடனிருக்கட்டும்.

பதில் வராவிட்டால்

இரண்டு மாதம் காத்திருந்து ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பிறகு மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் குறைதீர்ப்புத் தளத்தில் முன்னாள் படைவீரர் நலத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியலாம். 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2024 முதல் உள்ள வழிகாட்டுதல். அங்கே அலுவலகங்களுக்கிடையே கடிதம் நகரும், பெரிய சட்டச் சிக்கல் தீராது. கோப்பு தூங்கினால் எழுப்ப அது உதவும்.

மறுப்புக் கடிதம் வந்தாலோ, மனு கொடுத்து ஆறு மாதம் ஆகியும் முடிவு வராவிட்டாலோ, அடுத்த வாசல் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இத்தீர்ப்பாயத்தில், மறுப்பு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது பதிலின்றிக் கழிந்த ஆறு மாதத்துக்குப் பிந்தைய ஆறு மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் பொறுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. துறை அளவில் முறையிட்டுப் பார்த்துவிட்டே வர வேண்டும் என்பதால்தான் மேலே சொன்ன ரசீதுகளை அத்தனை வற்புறுத்தினேன். ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நமக்குப் பக்கம் என்றாலும், முதலில் போக வேண்டியது தீர்ப்பாயத்துக்கே.

பல ஆண்டுகள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். ஓய்வூதியம் மாதந்தோறும் குறைவாகத் தரப்படுவது தொடரும் பிழை என்று உச்ச நீதிமன்றம் தர்செம் சிங் வழக்கில் 2008-இல் கூறியது. உரிமை இருக்கும், ஆனால் நிலுவை, வழக்குத் தொடுத்ததற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சுருங்கலாம். அதாவது காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாத நிலுவை கையை விட்டுப் போகிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று பின்வாங்கவும் தேவையில்லை: சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கணவரை இழந்த அம்மாமார்கள் மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இதைக் கேட்டுப் பெறலாம்.

திருத்தம் வந்த பிறகு

திருத்திய ஓய்வூதிய ஆணை வந்தவுடன் ரேங்கை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைக்காதீர்கள். ஊதியப் பிரிவும் சேவைக்காலமும் முன்பு இருந்தபடியே இருக்கின்றனவா, எந்தத் தேதியிலிருந்து அமல், பணிக்கொடை வித்தியாசமும் கம்யூட்டேஷன் வித்தியாசமும் சேர்ந்திருக்கின்றனவா, மனைவி பெயரும் குடும்ப ஓய்வூதியத் தொகையும் சரியா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றைத் திருத்தும்போது இன்னொன்று பிசகுவதை நான் கண்டிருக்கிறேன். ஓய்வூதியர் இறந்துவிட்டிருந்தால், அவர் உயிரோடிருந்த காலத்துக்குரிய நிலுவை 'வாழ்நாள் நிலுவை' என்ற தனிக் கோரிக்கையாகப் போக வேண்டும். குடும்ப ஓய்வூதிய நிலுவையோடு அது தானாக வந்துவிடாது. மொத்தமாக வரும் நிலுவையை அந்தந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து வருமான வரிச் சலுகை கோர வழி உண்டு. கணக்குத் தாக்கல் செய்யும் முன்பே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள். அதன்பின் முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, இ.சி.எச்.எஸ். அட்டை, கேன்டீன் அட்டை ஆகியவற்றில் புதிய ரேங்கை ஏற்றிக்கொள்ளலாம்.

அந்த அம்மாவின் கணவருக்கு வழங்கப்பட்ட பதவி உயர்வு பார்ட் டூ ஆர்டரில் ஒழுங்காக வெளியாகியிருந்தது; ஷீட் ரோலில்தான் ஏறவில்லை. சம்பளத் தாள்களில் இருந்த மாதத்தை வைத்துத் தேடி அதைக் கண்டெடுத்தார்கள். புத்தகம் ஐப்பசியில் திரும்பி வந்தது. நாயக் என்ற சொல்லின் மேல் ஒரு சிவப்புக் கோடு, அதற்கு மேலே ஹவில்தார், பக்கத்தில் ஆவண அதிகாரியின் கையொப்பம், தேதி, வட்ட முத்திரை. எழுத்துக் கூட்டி ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவர், மகனை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, புத்தகத்தைப் பழையபடி அந்த வேட்டித் துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். குடும்ப ஓய்வூதியத்துக்கான திருத்த ஆணை அதற்கு இரண்டு மாதம் கழித்து ஸ்பர்ஷில் ஏறியது. வாழ்நாள் நிலுவைக்கான படிவத்தை அவர் மகன் போன வாரம்தான் கையெழுத்து வாங்கி அனுப்பியிருக்கிறார்.